பிள்ளையின் முதல் போனில் லொகேஷன்: மாதக்கணக்கில் பயன்படுத்தினால் தெரிவது

பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று, முதல் வாரம் பெற்றோர் வரைபடத்தைத் திறந்து திறந்து பார்ப்பார்கள். சில மாதம் கழிந்தால், பிள்ளை ஓரிடத்துக்குச் சேர்ந்ததற்கும் கிளம்பியதற்கும் வரும் இரண்டு அறிவிப்புகளும் பேட்டரி சதவீதமும்தான் புழக்கத்தில் மிஞ்சும். வரைபடத்தில் பிள்ளையின் இடத்தைக் காட்டும் புள்ளியைவிட அதன் பக்கத்தில் இருக்கும் நேரத்தை முதலில் படிக்கப் பழகுவது நல்லது. '40 நிமிடம் முன்பு' என்றிருந்தால், அது போன் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போன இடம், அவ்வளவுதான்.

ஆண்ட்ராய்டில், பெற்றோருக்கான கூகுள் செயலியான ஃபேமிலி லிங்க் போதும். லொகேஷன் பகிர்வை இயக்கியபின் முதல் புள்ளி விழ அரை மணி நேரம் வரை ஆகலாம். அதற்குள் பதறி எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவ வேண்டாம். ஐபோனில் ஃபேமிலி ஷேரிங் (குடும்பக் கணக்குகளை இணைப்பது), ஃபைண்ட் மை (இடத்தைக் காட்டும் செயலி) இரண்டும் வேண்டும். கூடவே, போனுக்குக் கட்டுப்பாடுகள் போடும் ஸ்க்ரீன் டைம் அமைப்புக்குப் பாஸ்கோட் போட்டு, லொகேஷன் பகிர்வு அமைப்பை மாற்ற முடியாதபடி பூட்ட வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்தப் பூட்டைத்தான்.

புள்ளி உறைந்து நின்றால் பிள்ளைமீது சந்தேகப்படுவதற்கு முன் பேட்டரி சேமிப்பைப் பாருங்கள். பல ஆண்ட்ராய்டு போன்கள், திரை அணைந்து கொஞ்ச நேரத்தில் பின்னணிச் செயலிகளை நிறுத்திவிடும். தனியாக நிறுவிய செயலி என்றால் அதன் பேட்டரி அமைப்பை 'அன்ரெஸ்ட்ரிக்டட்' (கட்டுப்பாடு இல்லாதது) ஆக்குங்கள். 'ஆட்டோ ஸ்டார்ட்' இருந்தால் அதையும் இயக்குங்கள். அதை இயக்காவிட்டால் போன் அணைந்து எழுந்த பிறகு செயலி தானாக எழாது. லொகேஷன் அனுமதி 'எப்போதும்' என்றிருக்க வேண்டும். 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று விட்டால், பையில் கிடக்கும் போன் எதையும் சொல்லாது.

துல்லியம் பற்றி ஒரு வார்த்தை. திறந்த வானத்தின் கீழ் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் வரை சரியாகக் காட்டும். கான்கிரீட் கட்டடத்துக்குள் நுழைந்தால் வைஃபையும் செல்கோபுரமும்தான் துணை. பிழை சில நூறு மீட்டருக்கும் போகும். புள்ளியைச் சுற்றியுள்ள வட்டம் பெரிதானால் 'இதற்குள் எங்கேயோ' என்று பொருள். ஆண்ட்ராய்டு 12, ஐஓஎஸ் 14 முதல் துல்லிய லொகேஷனுக்குத் தனிச் சுவிட்ச் உண்டு. அது அணைந்திருந்தால் வட்டம் எப்போதும் பெரிதாகவே இருக்கும். வேடிக்கை என்னவென்றால், அக்கம்பக்கத்தில் யாராவது வேறு இடத்திலிருந்து பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து மாட்டினால், பிள்ளை அந்தப் பழைய இடத்தில் நிற்பதாகவும் சில நாள் காட்டலாம். போன் அந்த ரவுட்டரின் பழைய பதிவைத்தான் நம்புகிறது.

சேர்ந்த, கிளம்பிய அறிவிப்புகளுக்காகப் பள்ளி, வீடு என்று எல்லை வட்டம் போடும்போது 150 மீட்டருக்குக் குறைக்காதீர்கள். 50 மீட்டர் போட்டால், வகுப்பில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை நாலு முறை 'வெளியேறி' நாலு முறை 'நுழைவாள்'. அறிவிப்பு சில நிமிடம் தாமதமாக வருவதும் வழக்கம். போன் மேசைமேல் அசையாமல் கிடந்தால் இன்னும் தாமதிக்கும்; பேட்டரியை மிச்சப்படுத்த அமைப்பே அப்படிச் செய்கிறது. அதனால் '8.30க்கு வரவேண்டிய அறிவிப்பு 8.32க்கும் வரவில்லை' என்று போன் அடிப்பதில் பயனில்லை.

வைஃபை இல்லாத இடத்தில் டேட்டா தீர்ந்தாலும், ஏரோபிளேன் மோட் போட்டாலும் பொதுவாகப் புதிய புள்ளி வராது. வாரம் ஒருமுறை டேட்டா மீதத்தைப் பார்த்துக்கொண்டால் பாதிப் பதற்றம் குறையும்.

பிள்ளைக்குத் தெரியாமல் ரகசியமாக நிறுவும் செயலிகளின் பக்கம் போகவே வேண்டாம். நிறுவுவதற்குப் பிளே ப்ரொடெக்டை (ஆபத்தான செயலிகளைக் கண்டுபிடிக்கும் கூகுள் பாதுகாப்பை) அணைக்கச் சொல்லும் செயலி, பிள்ளை போய்வரும் இடங்களையெல்லாம் யாருடைய சர்வரில் கொண்டுபோய் வைக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. பிள்ளையிடம் சொல்லிவிட்டு வைத்தால் இன்னொரு வசதி: சார்ஜ் குறையும்போது அவளே சொல்வாள்.

சில மாதம் கழித்து, எதையும் தொடாமலே லொகேஷன் நின்றுபோனால் ஒரு காரணத்தை முதலில் பாருங்கள். ஆண்ட்ராய்டு 11 முதல், நெடுநாள் திறக்காத செயலியின் அனுமதிகளை அமைப்பே திரும்ப எடுத்துக்கொள்ளும். கண்காணிப்புச் செயலியைப் பிள்ளை ஏன் திறக்கப் போகிறாள்? அந்தச் செயலியின் தகவல் பக்கத்தில், பயன்படுத்தாதபோது அனுமதியை நீக்கும் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.