லினக்ஸில் ஃபோல்டர் தவறான நிரலில் திறக்கிறதா? சில ஆண்டு அனுபவத்திலிருந்து

டெபியன் என்ற லினக்ஸ் வகையின் மேல் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பைப் போட்டு, அலுவலக வேலைக்கும் வீட்டு வேலைக்கும் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். பழைய கணினியிலும் சுறுசுறுப்பாக ஓடும், தேவையில்லாமல் எதையும் மாற்றிப் போடாது என்பதால் எனக்கு மிகவும் பிடித்த சூழல் இது. ஒரே ஒரு தொல்லை மட்டும் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. ஃபோல்டரைத் திறக்கச் சொன்னால், அதற்கென்றே இருக்கும் துனார் என்ற ஃபைல் மேனேஜர் வராமல் வேறு ஏதாவது வந்து நிற்கும். சில நாள் கோட் எடிட்டர், சில நாள் வட்டில் எவ்வளவு இடம் போயிருக்கிறது என்று வட்டம் போட்டுக் காட்டும் நிரல், சில நாள் எதற்கோ போட்டு வைத்த இரண்டாவது ஃபைல் மேனேஜர்.

இப்போது அந்தத் தொல்லை அடியோடு போய்விட்டது. நடுவில் டெபியனின் பெரிய பதிப்பு மாற்றமும் வந்து போனது, அப்போதும் திரும்பவில்லை. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வு ஒரே ஒரு கட்டளையோடு முடிந்துவிடும். அது பாதிப் பிரச்சினையைத்தான் தீர்க்கும். மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்பதைச் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், இது ஏன் நடக்கிறது? லினக்ஸ் டெஸ்க்டாப்பில் ஃபோல்டரும் ஒரு கோப்பு வகைதான். ஜேபெக் படத்துக்கு ஒரு மைம் வகை இருப்பதுபோல ஃபோல்டருக்கும் 'ஐநோட்/டைரக்டரி' என்று ஒரு மைம் வகை, அதாவது கோப்பு எந்த வகை என்று நிரல்களுக்குச் சொல்லும் பெயர், உண்டு. ஒவ்வொரு நிரலும் இன்ஸ்டால் ஆகும்போது, தன்னைப் பற்றிச் சிஸ்டத்துக்குச் சொல்லும் 'டெஸ்க்டாப் கோப்பு' என்ற சிறு கோப்பில், எந்தெந்த வகைகளைத் தன்னால் திறக்க முடியும் என்று எழுதிக்கொண்டு வருகிறது. துனார், நாட்டிலஸ், டால்பின், நீமோ போன்ற ஃபைல் மேனேஜர்கள் எல்லாம் ஐநோட்/டைரக்டரியை எழுதியிருக்கும், அது எதிர்பார்ப்பதுதான். ஆனால் குவென்வியூ என்ற படம் பார்க்கும் நிரலும் அதை எழுதியிருக்கிறது. வட்டு அளவைக் காட்டும் பாவோபாபும் எழுதியிருக்கிறது. விஎஸ் கோட் என்ற கோட் எடிட்டரின் சில பதிப்புகளும் எழுதியிருக்கின்றன. இதில் எதுவும் பொய் இல்லை. ஒரு ஃபோல்டர் நிறையப் படங்களைக் குவென்வியூ திறக்கத்தான் செய்கிறது, கோட் எடிட்டரில் நாம் ஃபோல்டராகத்தான் வேலை செய்கிறோம். ரைட் கிளிக் மெனுவில் 'இதில் திற' என்ற பட்டியலில் அவை வருவதற்கு இந்த அறிவிப்பு வேண்டும்.

ஆக, புதிதாக வந்த நிரலின் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. 'என் கணினியில் ஃபோல்டருக்கு இதுதான்' என்று நாம் எங்கும் எழுதி வைக்காமல் இருப்பதுதான் காரணம். நாம் எழுதாத இடத்தில், தகுதியுள்ள நிரல்களின் பட்டியலில் எது முன்னால் நிற்கிறதோ அது வரும். அந்த வரிசைக்கும் நம் விருப்பத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒரு நிரலைச் சேர்த்தால் வரிசை மாறலாம், ஒன்றை நீக்கினாலும் மாறலாம். நேற்று வரை சரியாக இருந்தது இன்று மாறுவது இதனால்தான்.

எழுதி வைக்கும் இடம் ஹோம் ஃபோல்டரில் 'டாட் கான்ஃபிக்' என்ற மறைந்த ஃபோல்டருக்குள் இருக்கும் 'மைம்ஆப்ஸ் டாட் லிஸ்ட்' என்ற சாதாரண உரைக் கோப்பு. எந்த எடிட்டரிலும் திறக்கலாம். சதுர அடைப்புக்குறிக்குள் மூன்று தலைப்புகள் இருக்கும்: இயல்பான நிரல்கள், சேர்க்கப்பட்ட தொடர்புகள், நீக்கப்பட்ட தொடர்புகள். முதல் தலைப்பின் கீழே ஐநோட்/டைரக்டரி, சமக்குறி, துனாரின் டெஸ்க்டாப் கோப்புப் பெயர் என்று ஒரு வரி இருந்தால் போதும். கையால் எழுதத் தயங்குகிறவர்கள் எக்ஸ்டிஜி-மைம் கட்டளையின் 'டிஃபால்ட்' வடிவத்தைக் கொண்டு அதே வரியை எழுதவைக்கலாம். அதே கட்டளையின் 'கொயரி டிஃபால்ட்' வடிவம், இப்போது எது நியமிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும். எதையும் மாற்றுவதற்கு முன் இந்தக் கேள்வியை டெர்மினலில் ஒரு முறை கேட்டுவிடுங்கள். 'ஜிஐஓ மைம்' கட்டளை இன்னும் விவரமாகச் சொல்லும்: நியமிக்கப்பட்ட நிரல் எது, பதிவு செய்துள்ள நிரல்கள் எவை, பரிந்துரைக்கப்படுபவை எவை என்று தனித்தனியாகக் காட்டும். என் கணினியில் ஃபோல்டருக்கு எத்தனை நிரல்கள் கைதூக்கியிருக்கின்றன என்று அதில்தான் முதலில் பார்த்தேன்.

இரண்டாவது தலைப்பான 'சேர்க்கப்பட்ட தொடர்புகள்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, 'வேறு நிரலில் திற' என்று ஒரு முறை எதையாவது தேர்ந்தெடுத்தால், அந்த நிரல் இந்தத் தலைப்பின் கீழே ஏறிவிடக்கூடும். ஜிடிகே என்ற சாளரக் கருவித்தொகுப்பைச் சார்ந்த நிரல்களுக்கு அடியில் இருக்கும் ஜிலிப் நூலகம், கடைசியாகப் பயன்படுத்திய நிரலை இந்தப் பட்டியலின் முன்னால் வைக்கும் வசதியைத் தருகிறது. முதல் தலைப்பில் தெளிவான நியமனம் இருக்கும்வரை இதனால் தொந்தரவு இல்லை. நியமனம் இல்லாவிட்டால், ஒரு தடவை எதற்கோ தேர்ந்தெடுத்தது அன்றிலிருந்து நிரந்தரம் ஆனதுபோல நடந்துகொள்ளும்.

பழைய கணினிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2014-ல் வந்த ஜிலிப் 2.42-க்கு முன்பு இந்தக் கோப்பு 'டாட் லோக்கல்' வழியாகப் போகும் 'அப்ளிகேஷன்ஸ்' ஃபோல்டரில் இருந்தது. ஹோம் ஃபோல்டரை அப்படியே கணினிக்குக் கணினி எடுத்துக்கொண்டு போகிறவர்களிடம் பழைய இடத்திலும் ஒன்று, புதிய இடத்திலும் ஒன்று என்று இரண்டு கோப்புகள் இருக்கும். புதிய இடத்தில் இருப்பதற்குத்தான் முன்னுரிமை. பழையதில் இருக்கும் தேவையான வரிகளைப் புதியதற்கு மாற்றிவிட்டுப் பழையதை அகற்றிவிட்டேன், குழப்பம் பெருமளவு குறைந்தது.

பதிப்பு மாறும்போது பெயர் மாறுவதும் ஒரு காரணம். நாட்டிலஸின் டெஸ்க்டாப் கோப்பு முன்பு வெறும் நாட்டிலஸ். இப்போது 'ஆர்க் டாட் க்னோம் டாட் நாட்டிலஸ்'. டால்பினும் அப்படியே 'ஆர்க் டாட் கேடிஇ டாட் டால்பின்' ஆகிவிட்டது. நம் பட்டியலில் பழைய பெயர் எழுதியிருந்தால், இல்லாத நிரலைக் காட்டுகிறது என்று அந்த வரியைச் சிஸ்டம் பேசாமல் தாண்டிப் போய்விடும். எந்த எச்சரிக்கையும் வராது. அதனால் பெரிய அப்டேட் முடிந்ததும் பட்டியலில் உள்ள பெயர்கள் சிஸ்டத்தின் 'அப்ளிகேஷன்ஸ்' ஃபோல்டரில் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று ஒரு பார்வை பார்த்துவிடுவது என் வழக்கம். எழுத்து பெரியதா சிறியதா என்பதும் முக்கியம், ஒரே ஒரு எழுத்து வேறாக இருந்தாலும் அந்த வரி வேலை செய்யாது.

சரி, இதெல்லாம் செய்தாகிவிட்டது. டெர்மினலில் கேட்டால் துனார் என்று பதில் வருகிறது. ஆனாலும் ஃபயர்ஃபாக்ஸில் ஒன்றைப் பதிவிறக்கிவிட்டு 'ஃபோல்டரில் காட்டு' என்று அழுத்தினால் வேறு ஃபைல் மேனேஜர் எழுந்து வருகிறது. இந்த இடத்தில்தான் பலர் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

காரணம் இதுதான்: அந்த அழுத்தம் மைம் பட்டியலைப் பார்ப்பதே இல்லை. ஃபோல்டரைத் திறந்தால் மட்டும் போதாது, அதற்குள் அந்தக் கோப்பைத் தேர்ந்தெடுத்தும் காட்ட வேண்டும் அல்லவா? அதற்காக ஃபயர்ஃபாக்ஸும் குரோமியமும் டி-பஸ் என்ற செய்திப் பரிமாற்ற வழியில் 'ஃபைல்மேனேஜர்1' என்ற முகவரிக்கு ஒரு கோரிக்கை அனுப்புகின்றன. அங்கே யாரும் இல்லை என்றால்தான் சாதாரண வழிக்குத் திரும்புகின்றன. நாட்டிலஸ், நீமோ, டால்பின், துனார் எல்லாமே அந்த ஒரே முகவரிக்கு உரிமை கேட்கும் சர்வீஸ் கோப்புகளோடு, அதாவது கோரிக்கை வந்தால் எந்த நிரலை எழுப்ப வேண்டும் என்று டி-பஸ்ஸுக்குச் சொல்லும் கோப்புகளோடு, வருகின்றன. ஒரே தெருவில் ஒரே பெயரில் நான்கு பேர் இருந்தால் கடிதம் யார் கைக்குப் போகும் என்பது தபால்காரர் அன்றைக்கு யாரை முதலில் பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது. இங்கேயும் அதே நிலைமைதான். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஃபைல் மேனேஜர் அந்தப் பெயரைப் பிடித்து வைத்திருந்தால் கோரிக்கை அதற்குப் போகும். எதுவும் ஓடவில்லை என்றால், சர்வீஸ் கோப்புகளில் ஏதோ ஒன்று எழுப்பப்படும். எது என்பதற்கு உறுதியான விதி கிடையாது. காலையில் சரியாகத் திறந்தது மாலையில் மாறிப்போவதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இன்னொரு நுணுக்கமும் குழப்பத்தைக் கூட்டும். எக்ஸ்எஃப்சிஇ-யில் டெஸ்க்டாப்பில் இருக்கும் ஃபோல்டர் படத்தை இரட்டைக் கிளிக் செய்தால், டெஸ்க்டாப்பை வரையும் நிரல் துனாரிடம் நேராகவே பேசிவிடுகிறது. அதனால் டெஸ்க்டாப்பில் எல்லாம் சரியாகத் தெரியும், உலாவியிலிருந்து திறந்தால் மட்டும் தப்பாக இருக்கும். உலாவியில்தான் கோளாறு என்று முடிவுகட்டி அதை நீக்கிவிட்டு மறுபடி போட்டுப் பார்ப்பதால் ஒன்றும் மாறாது.

இதற்கான தீர்வு எளிமையானது, நீண்ட நாளாக என்னிடம் நிலைத்தும் இருக்கிறது. சிஸ்டத்தின் 'டிபஸ்-1' ஃபோல்டருக்குள் 'சர்வீசஸ்' என்று ஒரு ஃபோல்டர் உண்டு. அதில் உங்களுக்குப் பிடித்த ஃபைல் மேனேஜரின் ஃபைல்மேனேஜர்1 சர்வீஸ் கோப்பைக் கண்டுபிடியுங்கள். அதை ஹோம் ஃபோல்டரில் 'டாட் லோக்கல்', 'ஷேர்', 'டிபஸ்-1', 'சர்வீசஸ்' என்ற பாதையில் நகலெடுத்து வையுங்கள். அந்தப் பாதை இல்லையென்றால் உருவாக்கிக்கொள்ளலாம். சிஸ்டம் ஃபோல்டருக்கு முன்பே இந்தத் தனி ஃபோல்டரை டி-பஸ் பார்க்கும், ஆகவே நீங்கள் வைத்ததே செல்லும். அப்புறம் ஒரு முறை லாக் அவுட் செய்து உள்ளே வாருங்கள். ஏற்கெனவே ஓடும் நிரல் பெயரை விடாமல் பிடித்திருக்கும் என்பதால் இந்தப் படியைத் தவிர்க்க முடியாது. இப்போது அந்தப் பெயர் யாரிடம் இருக்கிறது என்று அறிய, பஸ்சிடிஎல் கட்டளையை 'யூசர்' விருப்பத்தோடு ஓட்டிப் பட்டியலைப் பார்க்கலாம். பெயருக்குப் பக்கத்திலேயே அதை வைத்திருக்கும் நிரலும் தெரியும்.

ஃபிளாட்பேக் என்ற, நிரல்களைத் தனி அடைப்புக்குள் ஓட்டும் முறை வழியாகப் போட்ட நிரல்களுக்கும் இது பயன்படுகிறது. அவை நேரடியாக வெளியே பேச முடியாமல் போர்ட்டல் என்ற இடைத்தரகர் சேவை மூலமாகக் கேட்கின்றன, 'ஃபோல்டரைத் திற' என்ற கோரிக்கையைப் போர்ட்டலும் இதே ஃபைல்மேனேஜர்1 முகவரிக்குத்தான் தள்ளுகிறது.

வேறு சில வழிகளையும் முயன்று பார்த்திருக்கிறேன். கோட் எடிட்டரின் டெஸ்க்டாப் கோப்பை ஹோம் ஃபோல்டருக்கு நகலெடுத்து, அதிலிருந்து ஐநோட்/டைரக்டரியை அழிப்பது ஒன்று. வேலை செய்யும். ஆனால் பிற்பாடு அந்த நிரல் அப்டேட் ஆகி, அதன் டெஸ்க்டாப் கோப்பு மாறினாலும் நம்மிடம் பழைய நகல்தான் இருக்கும். 'நீக்கப்பட்ட தொடர்புகள்' தலைப்பில் அந்த நிரலைப் போடுவது இதைவிடச் சுத்தமான வழி. அதிலும் ஒரு இழப்பு உண்டு: ரைட் கிளிக் மெனுவிலிருந்தும் எடிட்டர் மறைந்துவிடும், ஒரு புராஜெக்ட் ஃபோல்டரை அங்கிருந்து எடிட்டரில் திறக்கும் வசதி போய்விடும். எனக்கு அந்த வசதி தினமும் வேண்டும். அதனால் நியமனத்தை மட்டும் எழுதிவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டிருக்கிறேன். மைம்ஆப்ஸ் கோப்பை யாரும் மாற்ற முடியாதபடி பூட்டி வைக்கச் சொல்பவர்களும் உண்டு. வெறும் வாசிப்பு அனுமதி போட்டால் போதாது, நிரல்கள் புதிய கோப்பை எழுதி அதன் இடத்தில் வைத்துவிடும். சிஎச்ஏடிடிஆர் கட்டளையால் முழுதாகப் பூட்டினால், பிறகு நாமே அமைப்புகளில் உலாவியையோ வீடியோ பிளேயரையோ மாற்றும்போது அது சேமிக்கப்படாமல் போகும். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எக்ஸ்எஃப்சிஇ அமைப்புகளில் 'இயல்பான நிரல்கள்' என்ற சாளரத்தில் ஃபைல் மேனேஜரைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறது. அது தன் தேர்வை 'ஹெல்பர்ஸ் டாட் ஆர்சி' என்ற தனிக் கோப்பில் வைக்கிறது. பேனலிலோ விசைப்பலகைக் குறுக்குவழியிலோ 'ஃபைல் மேனேஜரைத் திற' என்று கேட்டால் பயன்படுவது அதுதான். அங்கே மாற்றிய பிறகு மைம் பட்டியலுக்கும் அது எட்டியிருக்கிறதா என்று டெர்மினலில் ஒரு முறை கேட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

அக்கா மகளின் லேப்டாப்பில் கேடிஇ என்ற வேறு டெஸ்க்டாப் இருக்கிறது. அவளுக்கு ஃபோல்டரெல்லாம் படம் பார்க்கும் நிரலில் திறந்துகொண்டிருந்தன. "மாமா, பாட நோட்ஸ் எல்லாம் காணோம், வெறும் படமாகத்தான் காட்டுகிறது" என்று பதறிப்போய்ப் போன் செய்தாள். கோப்புகள் எங்கும் போகவில்லை, படங்களை மட்டும் காட்டும் நிரலில் உரைக் கோப்புகள் தெரியாது, அவ்வளவுதான். கேடிஇ-யில் சிஸ்டம் செட்டிங்ஸுக்குள் ஃபைல் மேனேஜரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் டால்பினை வைக்கச் சொன்னேன், போனிலேயே முடிந்துவிட்டது. கேடிஇ தன் நிரல் பட்டியலைத் தனியாக நினைவில் வைத்திருக்கும். கையால் கோப்பை மாற்றியும் பலன் தெரியவில்லை என்றால் கேபில்ட்சைகோகா கட்டளையை ஒரு முறை ஓட்டினால் அது புதுப்பிக்கப்படும்.

ஐ3, ஓப்பன்பாக்ஸ் மாதிரி முழு டெஸ்க்டாப் இல்லாமல், சாளரங்களை மட்டும் நிர்வகிக்கும் வெறும் விண்டோ மேனேஜர் மட்டும் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எக்ஸ்டிஜி-ஓப்பன் கட்டளை, எந்த டெஸ்க்டாப் ஓடுகிறது என்று பார்த்து, க்னோமில் ஒரு வழி, எக்ஸ்எஃப்சிஇ-யில் ஒரு வழி, கேடிஇ-யில் ஒரு வழி என்று வேலையை வேறு கட்டளையிடம் ஒப்படைக்கிறது. எந்த டெஸ்க்டாப்பும் இல்லையென்றால் மைம்ஆப்ஸ் பட்டியலைத் தானே படிக்கும். அதனால் அங்கே கையால் எழுதிய அந்த ஒரு வரி இன்னும் முக்கியம். புதிய கணினி எதை அமைத்தாலும் இப்போது மைம்ஆப்ஸ் கோப்பையும், டி-பஸ் சர்வீஸ் நகலையும் முதலிலேயே ஹோம் ஃபோல்டரில் வைத்துவிடுகிறேன், அதன் பிறகுதான் மற்ற நிரல்களை இன்ஸ்டால் செய்கிறேன்.