கை மெஷினா, கரண்டு மெஷினா? ஆர்வி வண்டியில் தையலும் மீந்த சாப்பாடும்

எங்கள் 24 அடி ஆர்வி வண்டியில், அதாவது உள்ளேயே சமைத்துத் தூங்கிக்கொண்டு ஊர் சுற்றும் வண்டியில், மேசை ஒன்றே ஒன்றுதான். சாப்பாடு, காய் நறுக்குவது, துணி வெட்டுவது எல்லாம் அதில்தான். ராத்திரி அதைத் தாழ்த்தி மெத்தையைப் போட்டால் அதுவே பேரனுக்குக் கட்டில். காலையில் தையல் மெஷினை அந்த மேசையில் வைத்துவிட்டால், மதியம் புதிதாகச் சமைக்க இடம் கிடையாது. முதல் நாள் மீந்ததைச் சூடு பண்ணித்தான் சாப்பிட வேண்டும். அதனால் எந்த மெஷினைக் கொண்டுபோவது என்பதும், மீந்ததை எதில் சூடு பண்ணுவது என்பதும் எங்களுக்கு ஒரே கேள்வியாக வந்து நின்றன.

இரண்டையும் பார்த்துவிட்டோம். டாலஸிலிருந்து கிளம்பி ஐ-20, ஐ-10 வழியாக அரிசோனாவில் குவார்ட்ஸைட் வரை இரண்டு குளிர்காலம். முதல் தடவை கம்ப்யூட்டர் தையல் மெஷின், மைக்ரோவேவ். அடுத்த தடவை கையால் சுற்றும் சிங்கர் 99கே, கேஸ் அடுப்பு. நான் இப்போது முழுக்கக் கை மெஷின் பக்கம்.

மேலோட்டமான வித்தியாசங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கரண்டு மெஷின் இலகு, ஒரு கையால் தூக்கலாம். என் சிங்கர் வார்ப்பிரும்பு. மரப்பெட்டியோடு எங்கள் வீட்டுத் தராசில் 14 கிலோ காட்டியது. வண்டி ஓடும்போது அது அலமாரியின் மேல்தட்டில் இருக்கவே கூடாது. பிரேக் போட்டால் பாய்ந்து வரும். தரையில், மேசைக்கு அடியில், பெல்ட் போட்டுக் கட்டிவிடுகிறோம். கரண்டு மெஷினில் ஜிக்ஜாக், காஜா, அலங்காரத் தையல் எல்லாம் உண்டு. கை மெஷினில் நேர்த்தையல் மட்டும்தான். ஒரு கை சக்கரத்தைச் சுற்றும்போது மறுகைதான் துணியை நடத்த வேண்டும். எங்கள் அம்மா விருதுநகரில் கை மெஷினில்தான் எங்களுக்குப் பாவாடை தைத்தாள். அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தப் பழக்கம் இரண்டே நாளில் திரும்பி வந்தது. புதிதாகப் பழகுகிறவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் நாள் பிடிக்கும்.

ஆனால் இந்த வித்தியாசங்களை வைத்து நான் முடிவெடுக்கவில்லை. எடுக்க வைத்தது பேட்டரி.

குவார்ட்ஸைட்டில் நாங்கள் தங்குவது பிஎல்எம் என்று எல்லோரும் சொல்லும் மத்திய அரசு நிலத்துறையின் பாலைவன மைதானத்தில். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அங்கே நீண்ட நாள் தங்க அனுமதி உண்டு. நாங்கள் போன சீசனில் 180 டாலர். தண்ணீர் பிடிக்கவும் கழிவைக் கொட்டவும் அந்த மைதானத்தின் லா போசா தெற்குப் பகுதியில் வசதி இருக்கிறது. கரண்டு இணைப்பு மட்டும் கிடையாது. கரண்டோடு உள்ள கேம்ப்கிரவுண்டுக்கு ஒரு ராத்திரிக்கு 45 டாலர் கொடுத்திருக்கிறோம். இரண்டரை மாதத்துக்கு அதைப் பெருக்கிப் பார்த்தால், ஓய்வு பெற்றவர்கள் ஏன் அந்த மைதானத்தில் குவிகிறார்கள் என்று புரியும்.

எங்களிடம் 100 ஆம்பியர்-மணி (பேட்டரியில் அடங்கும் கரண்டின் அளவு) ஏஜிஎம் பேட்டரி இரண்டு, ஈய-அமில வகை. இந்த வகைப் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் கெட்டுவிடும். அதனால் கைக்கு வருவது 100 ஆம்பியர்-மணி. ராத்திரி குளிருக்கு ஹீட்டர் கேஸில் எரிந்தாலும் அதன் காற்றாடி பேட்டரியில்தான் ஓடும். அதற்கே 25, 30 போய்விடும். விளக்கு, தண்ணீர் பம்ப், ஃபிரிட்ஜின் சர்க்யூட், போன் சார்ஜ் என்று இன்னொரு 25. கூரையில் இருக்கும் சோலார் தகடு டிசம்பர் வெயிலில் இந்த அளவைத்தான் திருப்பிக் கொடுக்கிறது. மழை மூட்டம் போட்டால் அதுவும் இல்லை.

இப்போது தையலைப் பாருங்கள். கம்ப்யூட்டர் மெஷின் அப்படி ஒன்றும் கரண்டு குடிப்பதில்லை. இன்வெர்ட்டரோடு சேர்த்து மூன்று மணி நேரத்துக்கு 15 ஆம்பியர்-மணி. இதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கை மெஷின்காரர்கள் பலர் மெஷினைத்தான் குற்றம் சொல்கிறார்கள். குடிப்பது இஸ்திரிப் பெட்டி. ஒட்டுப் போர்வை தைக்கிறவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு தையலையும் அழுத்தித் தேய்க்காமல் அடுத்த துண்டை இணைத்தால் மூலை சேராது. 1200 வாட் பெட்டி மொத்தம் 20 நிமிடம் சூடேறினால் 38 ஆம்பியர்-மணி. அதற்கு மேல் மதியச் சாப்பாட்டுக்கு மைக்ரோவேவ். 1500 வாட் இழுக்கும் அது பத்து நிமிடத்துக்கு 24 எடுக்கும். அவ்வளவு இழுக்கும்போது வோல்டேஜ் சரிந்து இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று கத்த ஆரம்பிக்கும்.

முதல் வாரமே என் வீட்டுக்காரர் நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினார். "ஏம்மா, தையல், தேய்ப்பு, மைக்ரோவேவ், இந்த மூணையும் ஒரே நாள்ல ஓட்ட முடியாது. எதை விடுறே?" அந்தக் கணக்கோடு அந்தக் குளிர்காலம் முழுக்க ஓட்டினேன். தைக்க உட்கார்ந்தால் கண் துணியில் இல்லை, பேட்டரி மீட்டரில் இருந்தது. ஜெனரேட்டர் போடலாம்தான். ஆனால் பாலைவன அமைதியைத் தேடி வந்த பக்கத்து வண்டிக்காரர்களுக்கு நடுவில் தினமும் இரண்டு மணி நேரம் அதை ஓட்ட எனக்கு மனசு வரவில்லை.

ஜனவரியில் மெஷின் திரையில் ஒரு எரர் எண் வந்து நின்றது. அணைத்துப் போட்டாலும் போகவில்லை. பக்கத்து ஊர்க் கடைக்காரர் பார்த்துவிட்டு, எங்கள் மலிவான இன்வெர்ட்டர் தரும் மாடிஃபைடு சைன் வேவ் கரண்டு (படிப்படியாக ஏறி இறங்குவது) இந்த மாதிரி எலெக்ட்ரானிக் பலகைக்கு ஒத்துக்கொள்ளாது, வீட்டுக் கரண்டு மாதிரி சீராகத் தரும் ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டர் வாங்குங்கள் என்றார். பலகை மாற்ற மூன்று வாரம். பேத்திக்காக வெட்டி வைத்திருந்த சின்னாளப்பட்டி சுங்குடித் துண்டுகள் அப்படியே பையில் திரும்பி வந்தன. அந்தச் சேலைகள் என் அம்மாவுடையவை. பிறந்தநாளுக்குள் போர்வை முடியவில்லை என்ற வருத்தம் இன்னும் எனக்கு உண்டு.

சிங்கர் 99கே அந்தக் கோடையில் ஒரு பழைய சாமான் விற்பனையில் கிடைத்தது. கே என்றால் ஸ்காட்லாந்தின் கில்போவி தொழிற்சாலை. 1980-இல் மூடிவிட்டார்கள். மெஷின் இன்னும் ஓடுகிறது. வேண்டியதெல்லாம் எண்ணெய்த் துளைகளில் ஒவ்வொரு சொட்டு, துணியை நகர்த்தும் பற்களுக்கு அடியில் பஞ்சைத் துடைக்க ஒரு பிரஷ். பாலைவனத்தின் மாவுத் தூசி எதிலும் நுழையும், இதிலும் நுழைகிறது. ஆனால் ஒரே ஸ்க்ரூ டிரைவரால் தட்டைக் கழற்றி நானே துடைத்துவிட முடிகிறது. பாபின் 66 வகை, ஊசி சாதாரண 15x1. இரண்டும் தையல் சாமான் கடைகளில் கிடைக்கும்.

தேய்ப்புக்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. ஊரில் பெட்டி இல்லாத வீட்டில் சொம்பில் தணல் போட்டுச் சட்டை தேய்த்ததைப் பார்த்திருக்கிறேன். இங்கே தணலுக்குப் பதில் தண்ணீர். அடி தட்டையான எவர்சில்வர் சொம்பில் முக்கால் அளவு கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, கழுத்தைத் துணியால் பிடித்துக்கொண்டு, தையலின் மேல் வைத்து ஐந்து எண்ணுவது. இழுக்கக் கூடாது, இழுத்தால் துண்டு கோணிக்கொள்ளும். வைத்து, எடுத்து, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். பருத்திக்கு இது போதும். ஒரு சொம்புச் சூடு பத்துப் பன்னிரண்டு தையலுக்கு வரும். தண்ணீர் ஆறியதும் கொட்டுவதில்லை, பாத்திரம் கழுவ வைத்துக்கொள்கிறேன்.

அந்தத் தண்ணீர் கொதிக்கும் அடுப்பின் பக்கத்து பர்னரில்தான் நேற்றைய சாம்பார் சூடாகும். கேஸ் அடுப்பு பேட்டரியைத் தொடுவதே இல்லை. கூரை விசிறியின் மூடியையும் ஒரு ஜன்னலையும் திறந்து வைத்துவிட்டுத்தான் பற்ற வைப்பேன். மூடிய வண்டிக்குள் கேஸ் எரித்தால் கார்பன் மோனாக்ஸைடு சேரும்.

ருசியில் எனக்குக் கேஸ்தான். மைக்ரோவேவில் சாம்பாரின் ஓரம் கொதிக்கும், நடு ஜில்லென்று இருக்கும். அடுப்பில் வைத்தால் குழம்பு சுண்டிப் பிடிக்கும் ருசி தனி. மீந்த இட்லியை உதிர்த்துக் கடுகு, மிளகாய் தாளித்து உப்புமா கிண்டுவதும், மீந்த சோற்றோடு கடலை மாவும் வெங்காயமும் பிசைந்து தோசைக்கல்லில் தட்டிப் போடுவதும் மைக்ரோவேவில் நடக்கிற காரியமா? ஆனால் மைக்ரோவேவுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. எடுத்து வைத்த கிண்ணத்திலேயே சூடு பண்ணிச் சாப்பிடலாம். கழுவும் பாத்திரம் ஒன்று குறையும். 150 லிட்டர் தண்ணீரில் பத்து நாள் ஓட்டுகிறவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. நான் கடாயின் அடியை மீந்த சப்பாத்தியால் வழித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் தண்ணீர் காட்டுகிறேன்.

எதில் சூடு பண்ணினாலும் எடுத்து வைப்பதில் கவனம் வேண்டும். எங்கள் ஃபிரிட்ஜ் கேஸில் ஓடும் அப்சார்ப்ஷன் வகை. வண்டி சமமாக நின்றால்தான் குளிரும், அதுவும் மெதுவாக. சுடச்சுட ஒரு குண்டான் சாம்பாரை உள்ளே தள்ளினால் பாலும் சேர்ந்து கெடும். அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்து, சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைக்கிறேன். வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். உள்ளே 4 டிகிரிக்கு மேல் போகாமல் பார்க்க ஒரு சின்ன தெர்மாமீட்டர் கட்டாயம். மூன்று, நான்கு நாளைக்கு மேல் எதையும் வைப்பதில்லை. சோறு விஷயத்தில் இன்னும் கண்டிப்பு. வெளியே கிடந்த சோற்றில் வளரும் ஒரு வகை பாக்டீரியாவின் நச்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. ஊர்ப் பழக்கத்தில் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பதை வண்டியில் நிறுத்திவிட்டேன். தோசை மாவை மட்டும் விடவில்லை. ராத்திரிக் குளிரில் பொங்காது என்பதால் பகலில் டாஷ்போர்டில் வெயில் படும்படி வைக்கிறேன். வண்டி நிற்கும் நாளில் மட்டும், பாதிப் பாத்திரம் மட்டும்.

என் அனுபவம் மெல்லியதாக இருக்கும் இடங்களையும் சொல்ல வேண்டும். நான் தைப்பது பெரும்பாலும் பருத்தி ஒட்டுப் போர்வை, திரைச்சீலை, கிழிந்த படுக்கை உறை. பனியன் துணி மாதிரி இழுபடும் துணியைக் கை மெஷினில் தைத்துப் பார்க்கவில்லை. தோள்வலி உள்ளவர்களுக்குச் சுற்றுவது ஒத்துவருமா என்பதை அவரவர்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எனக்கு ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கை ஓய்வு கேட்கிறது, அப்போது எழுந்து அடுப்பைப் பற்ற வைக்கிறேன். லித்தியம் பேட்டரியும் நல்ல இன்வெர்ட்டரும் போட்ட வண்டியில் நாங்கள் இருந்ததில்லை. அவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தாது. தினமும் கரண்டு உள்ள கேம்ப்கிரவுண்டில் தங்குகிறவர்களும் கரண்டு மெஷினையே கொண்டுபோகலாம், காஜாவாவது மிச்சம்.

கை மெஷின் வாங்கப் போகிறவர்கள் கைச்சக்கரத்தில் ஆரக்கால் இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் வைத்து விற்ற 99-களில் பல மூடிய சக்கரத்தோடு வந்தவை, அவற்றில் கைப்பிடி பொருந்தாது. பொருந்தும் சக்கரம் என்றால், இந்தியாவில் செய்த புதுக் கைப்பிடி இணையத்தில் தனியாகக் கிடைக்கிறது. சுற்றிப் பார்க்கும்போது ஒரு முழுச் சுற்றில் எங்காவது இறுகினால் பெரும்பாலும் காய்ந்த எண்ணெய்தான். மண்ணெண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஒரு ராத்திரி விட்டால் இளகும். என்னுடையதும் அப்படித்தான் இளகியது. பேத்தியின் போர்வைக்கு இன்னும் பதினெட்டுக் கட்டம் பாக்கி.