80 வரை ஓட்டம், அதற்கு மேல் நடை: ஸ்மார்ட்வாட்ச் சார்ஜிங் ஓர் அலசல்

"30 நிமிடத்தில் 80 சதவீதம்" என்ற விளம்பர வரியைப் பார்த்து வாட்ச் வாங்குகிறவர்கள் பாதிக் கணக்கோடு வாங்குகிறார்கள். சார்ஜ் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதோடு, எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்தால்தான் வாரத்தில் எத்தனை நிமிடம் வாட்ச் கையில் இல்லாமல் சார்ஜரில் கிடக்கும் என்று தெரியும். இங்கே வாட்ச்களை எடை போட்டிருப்பது அந்தத் தராசில்தான்.

நிறுவனங்கள் சொல்லும் எண்களையே எடுத்துக்கொள்வோம். 2024இல் வந்த ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 10, சுமார் 30 நிமிடத்தில் 80 சதவீதத்தைத் தொடும். முழு சார்ஜ் 18 மணி நேரம் தாங்கும். 80 சதவீதம் என்றால் பதினான்கரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வாரத்துக்கு 168 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் சுமார் 350 நிமிடம் சார்ஜரில். ஒன்பிளஸ் வாட்ச் 2 ஒரு மணி நேரத்தில் நிறைகிறது, 100 மணி நேரம் ஓடுகிறது. வாரத்துக்கு 100 நிமிடம்தான். விளம்பரத்தில் வேகமாகத் தெரிவது முதல் வாட்ச். கையில் அதிக நேரம் இருப்பது இரண்டாவது.

கூகுள் பிக்சல் வாட்ச் 2 கணக்கு இன்னும் சுவாரஸ்யம். அரை மணியில் 50, 43 நிமிடத்தில் 80, 75 நிமிடத்தில் 100 சதவீதம் என்பது கூகுள் தரும் எண். கடைசி 20 சதவீதத்துக்கு மட்டும் 32 நிமிடம்! ஒரு நாள் தாங்கும் இந்த வாட்ச்சை ஒவ்வொரு முறையும் 100 வரை ஏற்றினால் வாரத்துக்கு 525 நிமிடம் போகும். 80ஐத் தொட்டதும் எடுத்துக் கட்டிக்கொண்டால், அடிக்கடி போட வேண்டியிருந்தும், மொத்தம் 376 நிமிடம்தான் ஆகும். அதே வாட்ச், அதே சார்ஜர். பழக்கத்தை மாற்றினால் வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் மிச்சம்.

காரணம் லித்தியம் பேட்டரியின் இயல்பு. ஆரம்பத்தில் சார்ஜர் நிலையான மின்னோட்டத்தைத் தள்ளுகிறது. பேட்டரியின் மின்னழுத்தம் உச்ச வரம்பை எட்டியதும், அந்த அழுத்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைக்கிறது. நிரம்பப் போகிற குடத்துக்குக் குழாயைச் சிறிதாகத் திறந்துவிடுவது மாதிரி. இந்த இடத்தில் அவசரப்படுத்தினால் பேட்டரிக்குத்தான் சேதம் என்பதால், எந்த நிறுவனமும் இதைத் தவிர்க்க முடியாது.

ஆகவே தினமும் சார்ஜ் கேட்கும் வாட்ச் வைத்திருப்பவர்களுக்கு ஒத்துவரும் முறை, நாளைக்கு இரண்டு சிறு சார்ஜ். காலையில் குளித்து உடை மாற்றும் நேரம் ஒன்று, இரவு படுப்பதற்கு முன் கால் மணி நேரம் ஒன்று. தூக்கத்தைக் கண்காணிக்க வேண்டாம் என்பவர்கள் மட்டும் இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம். சாம்சங் கேலக்ஸி வாட்ச் 5, ஆப்பிள் சீரிஸ் 7 இரண்டுமே 8 நிமிட சார்ஜில் 8 மணி நேரத் தூக்கக் கண்காணிப்பு கிடைக்கும் என்று சொல்லித்தான் வந்தன. பல் துலக்கி முகம் கழுவும் நேரம் அதற்குப் போதும்.

இனி ஒவ்வொன்றிலும் இடறும் இடங்கள். ஆப்பிளில் வேகத்தை முடிவு செய்வது வாட்ச் மட்டுமல்ல, கேபிளும்தான். சீரிஸ் 7 முதல் வந்த வேக சார்ஜிங், வட்டத் தலையைச் சுற்றி அலுமினிய வளையமும் மறுமுனையில் டைப்-சியும் உள்ள கேபிளில்தான் வேலை செய்யும். வீட்டில் கிடக்கும் பழைய யூஎஸ்பி-ஏ கேபிளில் வைத்தாலும் சார்ஜ் ஏறும், ஆனால் மெதுவாக. "புது வாட்ச்தானே, ஏன் இவ்வளவு நேரம்?" என்ற புலம்பல்களில் பல இந்தப் பழைய கேபிளில் போய் முடிகின்றன. மறுபக்கம், ஆப்பிளின் விலை குறைந்த வரிசையான எஸ்இயின் இரண்டாம் தலைமுறையில் வேக சார்ஜிங்கே கிடையாது. எந்தக் கேபிள் வாங்கிப் போட்டாலும் மாறாது. எஸ்இ வரிசைக்கு அது மூன்றாம் தலைமுறையில்தான் வந்தது.

கேலக்ஸி வாட்ச் 5 அரை மணியில் 45 சதவீதம் என்கிறது, சுமார்தான். சாம்சங் போனின் முதுகில் வைத்து வயர்லெஸ் பவர்ஷேர் வழியாகவும் ஏற்றலாம். அவசரத்துக்குச் சரி, பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். வேகம் குறைவு, சூடு அதிகம், போன் சற்று அசைந்தால் வாட்ச் நகர்ந்து சார்ஜ் நின்றுவிடும்.

பிக்சலில் எரிச்சல் வேறு. முதல் பிக்சல் வாட்ச்சுக்கு வயர்லெஸ் தட்டு, இரண்டாவதுக்கு உலோக ஊசிமுனைகள் (பின்கள்) உள்ள சார்ஜர், நான்காவதுக்குப் பக்கவாட்டில் நிறுத்தும் டாக். பழைய சார்ஜரை அலுவலகத்துக்கென்று வைத்துக்கொள்ளும் வசதி ஒவ்வொரு மாற்றத்திலும் போய்விடுகிறது.

ஒன்பிளஸ் வாட்ச் 2க்கு 100 மணி நேரம் எப்படி வருகிறது என்றால், உள்ளே 500 எம்ஏஹெச் பேட்டரியும் இரண்டு சிப்களும் இருக்கின்றன. கனமான வேலைக்கு ஸ்னாப்டிராகன் டபிள்யூ5, சும்மா இருக்கும்போதும் சின்ன வேலைகளுக்கும் மின்சாரம் குறைவாகக் குடிக்கும் இன்னொரு சிப். சார்ஜை மறந்துவிடுகிற ஆளுக்கு இதைத் தாராளமாகச் சொல்லலாம். கார்மின் இன்னும் ஒரு படி மேலே. ஃபோர்ரன்னர் 265க்கு சாதாரணப் பயன்பாட்டில் 13 நாள் வரை, ஜிபிஎஸ் ஓடினால் 20 மணி நேரம் வரை என்று சொல்கிறார்கள். இதில் சார்ஜ் வேகத்தைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. கவலை வருவது பின்களில்.

கார்மின் வாட்ச்சின் முதுகில் சின்னக் குழிக்குள் நான்கு தொடுபுள்ளிகள் வரிசையாக இருக்கும். ஓட்டத்துக்குப் பிறகு அந்தக் குழியில் வியர்வை தங்கும். துடைக்காமல் அப்படியே சார்ஜரைச் செருகினால், உப்பு நீருக்கு நடுவே மின்சாரம் பாய்ந்து உலோகம் அரிக்கத் தொடங்குகிறது. முதலில் ஒரு புள்ளி மட்டும் மங்கும், பிறகு பழுப்போ பச்சையோ படியும், கடைசியில் சார்ஜ் குறி வந்து வந்து போகும். பொன்முலாம் போன பிறகு சரிசெய்வது கடினம். வாட்ச்சைக் கழற்றியதும் நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி, குழி உலர்ந்த பிறகே செருக வேண்டும். ஏற்கெனவே அழுக்கு படிந்திருந்தால் மென்மையான பல்துலக்கி. போகவில்லையென்றால் பஞ்சு முனையில் ஒரு துளி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். ஊசியாலோ கத்தி முனையாலோ சுரண்டவே கூடாது. தூசி புகாமல் இருக்கத் தனியாக வாங்கி மாட்டும் சிலிக்கோன் அடைப்பு நல்லதுதான், ஆனால் ஈரத்தோடு மாட்டினால் வியர்வையை உள்ளேயே பூட்டி வைத்த கதை.

ஸ்பிரிங் பின் உள்ள சார்ஜர்களில் பின்களை நகத்தால் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் துள்ளி மேலே வர வேண்டும். ஒன்று பாதியில் நின்றாலும் வாட்ச் சரியாக அமராது. காந்தத் தலைகளில் இரும்புத் துகள் ஒட்டுவதும் உண்டு; ஒட்டுநாடாவை அழுத்தி எடுத்தால் வந்துவிடும். வயர்லெஸ் வகைகளுக்கு, வாட்ச்சைச் சுற்றி மாட்டிய பாதுகாப்பு உறையே எதிரி. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூக்கி நிறுத்தினாலும் வேகம் குறையும், சூடு கூடும்.

அடாப்டர் விஷயத்தில் வீண் செலவு வேண்டாம். பிக்சல் வாட்ச் 2இன் 306 எம்ஏஹெச் பேட்டரி என்பது தோராயமாக 1.2 வாட்-மணி. அது 75 நிமிடத்தில் நிறைகிறது என்றால் சராசரியாக ஒரு வாட் அளவுதான் உள்ளே போகிறது. 65 வாட் அடாப்டரில் போட்டாலும் வாட்ச் கேட்பதைத்தான் வாங்கும். ஆப்பிளின் வேக சார்ஜிங்குக்குக்கூட யூஎஸ்பி பவர் டெலிவரி (PD) வசதியுள்ள 5 வாட் டைப்-சி அடாப்டர் போதும்.

இந்தச் சின்னப் பசியால் பவர் பேங்கில் ஒரு வேடிக்கை நடக்கும். இழுக்கும் மின்னோட்டம் குறைவாக இருப்பதால், "எதுவும் மாட்டவில்லை" என்று நினைத்து பவர் பேங்க் தானே அணைந்துவிடும். பொதுவாக 80, 90 சதவீதத்துக்கு மேல்தான் இது நடக்கும். அப்போதுதான் மின்னோட்டம் சுருங்குகிறது. பல பவர் பேங்குகளில் பட்டனை இருமுறை அழுத்தினாலோ கொஞ்ச நேரம் பிடித்தாலோ குறை-மின்னோட்ட நிலைக்கு மாறும். அந்த வசதி இல்லையென்றால் கூடவே இயர்பட்ஸ் பெட்டியையும் சொருகிவிடுங்கள், விழித்துக்கொண்டே இருக்கும்.

ஆப்பிள் வாட்ச் 80இல் நின்றுவிட்டால் உடனே பழுது என்று நினைக்க வேண்டாம். தினசரிப் பழக்கத்தைக் கவனித்து பேட்டரியைக் காக்கும் வசதி வேலை செய்கிறது, அல்லது பேட்டரி சூடாகியிருக்கிறது. முதலாவது என்றால் சார்ஜ் குறியைத் தொட்டு முழுவதும் ஏற்றச் சொல்லலாம். இரண்டாவது என்றால் குளிர்ந்த இடத்துக்கு மாற்றினால் போதும். வெயிலில் ஓடி வந்த சூட்டோடு சார்ஜரில் வைப்பது எந்த வாட்ச்சுக்கும் ஆகாது. கார்மின் கையேடுகளில் சார்ஜ் செய்ய 0 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரைதான் வரம்பு.

ஆயுள் கணக்கும் இங்கேதான் பிரிகிறது. 1,000 முழுச் சுழற்சிக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு நிற்கும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. இரண்டு அரை சார்ஜ் சேர்ந்தது ஒரு சுழற்சி. நாளுக்கு ஒன்று என்றால் மூன்று வருடத்துக்குள் 1,000 முடிந்துவிடும். 13 நாள் ஓடும் வாட்ச்சுக்கு வருடத்துக்கு 28 சுழற்சிதான். அதன் பேட்டரி சுழற்சியால் தேய்வதைவிட வயதால் தளர்வதுதான் அதிகமாக இருக்கும்.

பழைய வாட்ச்சை டிராயரில் போடுவதானால் பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்துத் திரும்பப் பாதிக்கு ஏற்றுங்கள். பூஜ்யத்தில் விட்டு மறந்திருந்தால், சார்ஜரில் வைத்தும் திரை இருட்டாகவே இருக்கும். உடனே செத்துவிட்டது என்று முடிவு கட்டாமல் அரை மணி நேரம் அப்படியே விட்டுப் பார்த்துவிட்டு சர்வீஸ் சென்டருக்குக் கிளம்பலாம்.