எம்.பி.பி.எஸ். பாடத்தில் 12 மணி நேரத்தை மாற்ற: இந்தியா, அமெரிக்கா, பிரிட்டன்

முதலாண்டு அனாடமியில் (உடற்கூறியல்) 12 மணி நேர அல்ட்ராசவுண்ட் பயிற்சியைச் சேர்க்கலாம் என்று ஒரு கல்லூரி நினைக்கிறது. யாரும் எதிர்ப்புச் சொல்ல மாட்டார்கள். அந்த 12 மணி நேரத்தை எந்த வகுப்பிலிருந்து எடுப்பது என்று கேட்டால்தான் கூட்டம் சூடு பிடிக்கும். அதற்கு யார் பதில் சொல்வது என்பதில்தான் மூன்று நாட்டு முறைகளும் பிரிகின்றன.

முதலில் கணக்கு. 150 பேர் கொண்ட பேட்ச். குழுவுக்கு 10 பேருக்கு மேல் போனால் பாதிப் பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். ஆக 15 குழு, குழுவுக்கு 12 மணி நேரம். ஒரே மெஷின் என்றால் 180 மணி நேரம். மூன்று மெஷின், மூன்று ஆசிரியர் என்றால் ஆளுக்கு 60. முன்மொழிவில் மாணவரின் 12-ஐ மட்டும் எழுதிவிட்டு ஆசிரியரின் 180-ஐ எழுதாமல் விடுவதுதான் எங்கும் நடக்கும் முதல் தவறு. ஒப்புதல் கிடைத்துவிடும், வகுப்பு எடுக்க ஆள் இருக்காது.

இந்தியாவில் பாடத்தின் எலும்புக்கூட்டைத் தேசிய மருத்துவ ஆணையமே போட்டுத் தருகிறது. 2019-ல் வந்த திறன்சார் பாடத்திட்டம் அனாடமிக்கு லெக்சர் 220, சிறு குழு மற்றும் செய்முறை 415, சுயகற்றல் 40, மொத்தம் 675 மணி நேரம் என்று பிரித்தது. 2023 விதிகளில் இந்தக் கணக்கு மாறியிருக்கிறது, ஆனால் மணிக்கணக்கை மேலிருந்து தரும் வழக்கம் மாறவில்லை. மாணவருக்குக் கைவர வேண்டிய ஒவ்வொரு திறனுக்கும் எண் உண்டு, அது கட்டாயமா இல்லையா என்ற குறிப்பும் உண்டு.

கல்லூரி அளவில் செய்யக்கூடியது இதுதான். கட்டாயத் திறன்களில் கை வைக்காமல், ரேடியாலஜி துறையுடன் சேர்ந்த ஒருங்கிணைப்பு வகுப்பாக இதைக் காட்ட வேண்டும். எந்தத் திறன் எண்ணின்கீழ் வருகிறது, எந்த லெக்சர் குறைகிறது, லாக்புக்கில் (மாணவரின் பயிற்சிப் பதிவேடு) எந்தப் பக்கம், இன்டர்னலில் எத்தனை மார்க் என்று எழுதி, இரண்டு துறைத் தலைவர்களும் கையெழுத்திட்டு, டீன் தலைமையிலான பாடத்திட்டக் குழுவில் வைத்து, மினிட்ஸில் ஏற்ற வேண்டும். அனைவரும் ஒத்துழைத்தால் அடுத்த பேட்ச் சேர்வதற்குள் முடியும் வேலை.

சிக்கல் தேர்வில் இருக்கிறது. தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின்கீழ் வரும் கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழகத் தேர்வு பொது. ஒரு கல்லூரி மட்டும் கற்றுத் தருவது அதில் வராது. தேர்வில் வராததை மாணவர் ஜனவரியில் படித்து பிப்ரவரியில் மறந்துவிடுவார். வினாத்தாளில் இடம் வேண்டுமென்றால் பல்கலைக்கழகத்தின் பாடக்குழு, கல்விக்குழு என்று படியேற வேண்டும். நடுவில் மாற்றினால் அரியர் வைத்தவர்களுக்குப் பழைய ரெகுலேஷன்படி தனி வினாத்தாள் தயாரிக்க வேண்டியிருக்கும். அதனால் எந்த மாற்றமும் புதிய பேட்சிலிருந்துதான்.

இந்த நாட்டுக்கே உரிய இன்னொரு முள்ளும் உண்டு. ரேடியாலஜியில் இருக்கும் மெஷினை டிசெக்‌ஷன் ஹாலுக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட முடியாது. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994 சட்டத்தின்கீழ் மெஷினும் இடமும் பதிவாகியிருக்க வேண்டும். இடத்தையோ கருவியையோ மாற்றுவதானால் 30 நாள் முன்பே தெரிவிக்க வேண்டும். பாடத்திட்டக் குழுவின் காகிதத்தில் இந்த வரி பெரும்பாலும் இருக்காது.

மையம் எழுதும் முறைக்கு ஒரு நல்ல பக்கம் உண்டு: 700-க்கும் மேற்பட்ட கல்லூரிகளில் நேற்றுத் திறந்ததற்கும் குறைந்தபட்சம் இதுதான் என்று ஒரு தரை கிடைக்கிறது. ஆனால் மேலே ஒரு பிழை நடந்தால் எல்லார் தலையிலும் விழும். சென்னை உயர் நீதிமன்றத்தின் 2021 உத்தரவைத் தொடர்ந்து, மருத்துவப் பாடத்திலிருந்து தன்பாலின உறவு பற்றிய தவறான பகுதிகளை நீக்கும் வேலை நடந்தது. 2024 ஆகஸ்ட் 31-ல் ஆணையம் வெளியிட்ட புதிய பாடத்திட்ட வழிகாட்டியில், தடயவியல் மருத்துவப் பகுதியில், அதே விஷயம் பாலியல் குற்றங்களின் பட்டியலில் திரும்ப வந்து நின்றது. எதிர்ப்புக் கிளம்பியதும் செப்டம்பர் 5-ல் திரும்பப் பெற்றார்கள், 12-ல் திருத்தி வெளியிட்டார்கள். எந்த வரி, ஏன், எப்போது நீக்கப்பட்டது என்ற பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு புதிய பதிப்பை எழுதினால் இப்படி நேராது.

அமெரிக்காவில் மணிக்கணக்கை யாரும் மேலிருந்து தருவதில்லை. மருத்துவக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் எல்.சி.எம்.இ. என்ற அமைப்பு கேட்பது மொத்தம் குறைந்தது 130 வாரப் படிப்பு. அதன் 12 தரநிலைகளில் எட்டாவதுதான் இங்கே முக்கியம்: முழுப் பாடத்திட்டத்தின் வடிவமைப்பும் நிர்வாகமும் ஆசிரியர்களின் பாடத்திட்டக் குழுவிடம் இருக்க வேண்டும். அனாடமி துறைத் தலைவர் மறுத்தாலும் அந்த 12 மணி நேரத்தைக் குழுவால் எடுக்க முடியும், ஏட்டளவில். நடைமுறையில், ஆசிரியரின் சம்பளமும் பணி நேரமும் துறைத் தலைவர் கையில். குழு நேரத்தை எடுத்துக்கொடுக்கும், ஆளை அனுப்ப வேண்டியவர் அவர். இந்த முடிச்சை அவிழ்க்காத குழு வெறும் ஆலோசனைக் குழுவாகிவிடும். அங்கே அடிக்கடி வரும் நோய் வேறு: ஒவ்வொருவரும் ஒரு தலைப்பைச் சேர்ப்பார்கள், எதையும் எடுக்க மாட்டார்கள். முன்மொழிவுப் படிவத்தில் 'நீக்கப்படும் மணி நேரம்' என்ற கட்டம் காலியாக இருந்தால் வாங்கவே கூடாது.

பிரிட்டனில், ஜி.எம்.சி. என்ற மருத்துவக் கவுன்சில், பட்டம் பெறுபவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறது (இப்போதைய பதிப்பு 2018). எந்த ஆண்டில், எத்தனை மணி நேரம் என்பது பல்கலைக்கழகத்தின் பாடு. சிறு மாற்றமா பெரு மாற்றமா என்று வகைப்படுத்துவதில்தான் அங்கே சாமர்த்தியம். 12 மணி நேரம் என்றால் பெரும்பாலும் சிறு மாற்றமாக மருத்துவப் பள்ளிக்குள்ளேயே முடியும். பெரு மாற்றமானால் நுகர்வோர் சட்டம் குறுக்கே வரும்: சேரும்போது சொன்ன படிப்பு ஒன்று, தருவது வேறு என்று ஆகக் கூடாது. 2024–25 முதல் பட்டம் பெறுவோருக்கு நாடு முழுதும் பொதுவான உரிமத் தேர்வு வந்துவிட்டது. எழுத்துத் தேர்வில் 200 கேள்வி. இதுவரை இருந்த சுதந்திரத்தை இனி அந்தத் தேர்வின் பாடப்பட்டியல் மெதுவாக ஒரே அச்சுக்கு இழுக்கும் என்பது எங்கள் கணிப்பு.

மூன்றில் அமெரிக்க அமைப்பே இந்த வேலைக்கு ஏற்றது. ஆனால் அதை அப்படியே இங்கே நட முடியாது. தேர்வை வேறு ஒருவர் நடத்தும் இடத்தில் பாடத்திட்டக் குழுவுக்கு எவ்வளவு அதிகாரம் கொடுத்தும் பயனில்லை. இந்தியக் கல்லூரிக்குக் கைக்கெட்டும் வழி, பயிற்சியை இன்டர்னல் மதிப்பெண்ணிலும் லாக்புக்கிலும் கட்டிவிட்டு, ஓராண்டு 30 பேருக்கு மட்டும் நடத்தி, மெஷின் நேரம், வருகை, செய்முறை மதிப்பெண் மூன்றையும் குறித்து, அந்தத் தாளோடு பல்கலைக்கழகப் பாடக்குழுவுக்குப் போவது.