ஏரிப் பூங்காவில் கரையோர நடையா, துடுப்புப் படகா?

ஏரியை ஒட்டிய பூங்காவில் செலவிட ஒரு காலைப்பொழுது மட்டுமே இருக்குமானால், கரையைச் சுற்றி நடப்பதா, துடுப்புப் படகில் நீருக்குள் செல்வதா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

நடைக்கு முன்னேற்பாடு எதுவும் தேவையில்லை. முதியவர்களும் குழந்தைகளும் அவரவர் வேகத்தில் வரலாம். நாணற்புதர்களில் கூடு கட்டும் பறவைகளையும் அவற்றைக் கலைக்காமல் தொலைவிலிருந்தே பார்க்கலாம்.

படகு தரும் அனுபவம் வேறு. நடையில் பெரும்பாலும் கால்களே உழைக்க, துடுப்பு வலிப்பதில் முதுகும் தோள்களும் இடுப்பும் சேர்ந்து இயங்குகின்றன. கைகளால் மட்டும் இழுப்பவர்கள் விரைவில் களைத்துவிடுவதால், உடலின் மேற்பகுதியைத் திருப்பி வலிக்கப் பழகுவது முக்கியம். பகலில் நீரைவிட நிலம் விரைவாகச் சூடேறுவதால் ஏரியிலிருந்து கரையை நோக்கிக் காற்று வீசத் தொடங்கும் என்பதால், நீர் அசையாதிருக்கும் அதிகாலையே புதியவர்களுக்கு ஏற்ற நேரம். எப்போது சென்றாலும், முதலில் காற்றை எதிர்த்துச் சென்றால் திரும்பும்போது அதுவே துணை நிற்கும்.

ஆபத்தும் படகில்தான் அதிகம். குளிர்ந்த நீர், அதே வெப்பநிலையிலுள்ள காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் வெப்பத்தை ஈர்த்துவிடும்; நன்றாக நீந்துபவர்கள்கூட அதில் செயலிழப்பதுண்டு. எனவே உயிர்காப்பு அங்கியை இருக்கைக்கு அடியில் வைக்காமல், அணிந்து பூட்டிக்கொள்வதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். இடியோசை கேட்டால் உடனே கரையேறி, பாதுகாப்பான கட்டடத்துக்குள் சென்று, கடைசி இடிக்குப் பின் 30 நிமிடங்கள் காத்திருக்க வேண்டும்.

குடும்பத்தோடு வருபவர்களுக்கு நடையையும், காற்றில்லாத காலையில் துணையோடு வரும் பெரியவர்களுக்குப் படகையும் பரிந்துரைப்பேன்.