பெரிய கட்டடத்துக்குப் புவிவெப்பம்: எங்கே துளையிடலாம், எங்கே துளையே வேண்டாம்

புவிவெப்பம் என்றதும் பலருக்கு வெந்நீர் ஊற்றுகளும் நீராவி மின்நிலையமும்தான் நினைவுக்கு வரும். இது வேறு. முப்பது நாற்பது அடிக்குக் கீழே மண்ணின் வெப்பநிலை வருடம் முழுக்க அதிகம் மாறாது. கோடையில் கட்டடத்தின் சூட்டை ஹீட் பம்ப் (சூட்டை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கடத்தும் இயந்திரம்) மூலம் அங்கே இறக்கி வைத்து, குளிர்காலத்தில் திரும்ப எடுத்துக்கொள்கிறோம். கல்லூரி, மருத்துவமனை என்ற அளவில் இதைச் செய்ய ஒரே வழிதான் என்று நினைத்துவிடாதீர்கள்.

அமெரிக்காவின் இந்தியானாவில் உள்ள பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நான்கு பழைய நிலக்கரி பாய்லர்களை மாற்ற வேண்டியிருந்தது. 2009-இல் துளையிடத் தொடங்கினார்கள். சுமார் 3,600 துளைகள், ஒவ்வொன்றும் 400 அடிக்கு மேல், 47 கட்டடங்கள்! ஒவ்வொரு துளையிலும் கொண்டை ஊசி போல வளைந்த குழாய் இறங்குகிறது, உள்ளே ஓடும் நீர் மூடிய சுற்றில் இருப்பதால் நிலத்தடி நீரோடு கலப்பதே இல்லை. வேலை முடிந்தபின் மேலே திடலோ கார் நிறுத்துமிடமோ வைத்துக்கொள்ளலாம். ஆனால் துளைக்குத் துளை 15, 20 அடி இடைவெளி வேண்டும். நகர நடுவில் அவ்வளவு நிலத்துக்கு எங்கே போவது?

நியூயார்க்கின் செயின்ட் பேட்ரிக் பேராலயம் 2017-இல் செய்தது இதற்கு நேர் எதிர். இடம் இல்லை, அதனால் ஆழத்துக்குப் போனார்கள்: பத்தே கிணறுகள், 2,200 அடி வரை. இந்த வகையில் கிணற்று நீரையே எடுத்து, சூட்டை மாற்றிக்கொண்டு, அதே கிணற்றில் திரும்ப விடுகிறார்கள். மன்ஹாட்டனின் கெட்டியான பாறை இதற்குத் தோது. தளர்ந்த மண்ணிலும், தாது உப்பு படியும் நீரிலும் இதைத் தொடாமல் இருப்பது நல்லது.

மூன்றாவது, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம். அங்கே 2015 முதல் ஓடும் அமைப்புக்குத் துளையே கிடையாது. ஆய்வகங்களைக் குளிர்விக்கும்போது வெளியேறும் சூட்டைக் கூலிங் டவர் வழியாகக் காற்றில் விட்டு வீணாக்காமல் பிடித்து, வெந்நீராக்கி, பெரிய தொட்டிகளில் சேர்த்து, சூடு தேவைப்படும் கட்டடங்களுக்கு அனுப்புகிறார்கள். வளாகத்தின் வெப்பத் தேவையில் பெரும்பகுதி இப்படியே கிடைத்துவிடுகிறது. மருத்துவமனைக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான், ஏனென்றால் அறுவை அரங்குக்கும் சர்வர் அறைக்கும் ஜனவரியிலும் குளிர் வேண்டும், அதே நேரத்தில் பக்கத்து வார்டுக்குச் சூடு வேண்டும். மிச்சத் தேவைக்கு மட்டும் துளை போட்டால் போதும்.

காற்றிலிருந்து சூடெடுக்கும் ஹீட் பம்ப் மலிவு, சரி. ஆனால் சூடு அதிகம் தேவைப்படும் உறைபனி இரவில்தான் அதன் திறன் குறையும்.

பழைய வளாகங்களில் இன்னொரு செலவும் உண்டு. நீராவிக் குழாய்களை எடுத்துவிட்டு வெந்நீர்க் குழாய் போட வேண்டும். ஸ்டான்ஃபோர்டும் அதைச் செய்தது. இந்தச் செலவைச் சேர்க்காத மதிப்பீட்டை நம்ப வேண்டாம்.

சென்னை போன்ற ஊரில் கணக்கு மாறுகிறது. மண்ணே ஏறக்குறைய 28, 29 டிகிரியில் இருக்கும், வருடம் முழுக்கச் சூட்டை இறக்கிக்கொண்டே இருப்போம், திரும்ப எடுக்கக் குளிர்காலமே இல்லாததால் துளைகளைச் சுற்றியுள்ள மண் வருடா வருடம் சூடேறும். அங்கே நல்ல சில்லரும் (நீரைக் குளிரவைக்கும் இயந்திரம்) கூலிங் டவருமே மேல்.

துளை போடுவதாக முடிவானால், முதலில் ஒரே ஒரு சோதனைத் துளை. அதில் இரண்டு நாள் சூடான நீரைச் சுற்றவிட்டு மண் எவ்வளவு வேகமாகச் சூட்டை வாங்குகிறது என்று அளப்பார்கள். அந்த அளவீடு கைக்கு வரும் முன் துளை எண்ணிக்கை சொல்லும் ஆலோசகரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.