நூலா, கேபிள் டையா, வார்னிஷா: ஸ்டேட்டர் வைண்டிங்கை எதைக் கொண்டு இறுக்குவது?

எரிந்துபோன ஸ்டேட்டரை (மோட்டாரில் சுற்றாமல் நிற்கும், செம்புக் கம்பி சுற்றிய பாகம்) பார்த்தவுடன் ஓவர்லோடு, வோல்டேஜ் குறைவு, ஒரு ஃபேஸ் போய்விட்டது என்று காரணம் சொல்லிவிடுகிறோம். பல சமயம் அதுவும் உண்மைதான். ஆனால் ஸ்லாட்டை, அதாவது ஸ்டேட்டர் இரும்பில் கம்பி உட்காரும் பள்ளத்தை, விட்டுக் கம்பி வெளியே வந்து வளையும் இடத்தை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் இரண்டு கம்பிகளில் நேரெதிரே எனாமல் தேய்ந்து செம்பு பளபளவென்று தெரிந்தால், அந்த மோட்டாரில் கம்பி அசைந்துகொண்டே இருந்திருக்கிறது. எனாமல் என்பது மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு கனம் உள்ள ஒரு பூச்சு, அவ்வளவுதான். உரசினால் தாங்காது.

அசைவு எங்கிருந்து வருகிறது? கம்பியில் கரண்ட் ஓடினாலே பக்கத்துக் கம்பி அதை இழுக்கும், இல்லையென்றால் தள்ளும். 50 ஹெர்ட்ஸ் சப்ளையில் இந்த விசை விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்குகிறது, அதாவது ஒரு மணி நேரத்தில் 3,60,000 தடவை. இது சாதாரண ஓட்டத்தில். நேரடியாக ஸ்டார்ட் செய்யும்போது கரண்ட் ஆறு மடங்கு ஏறினால் விசை ஆறு மடங்கு இல்லை, 36 மடங்கு ஏறும், ஏனென்றால் அது கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஸ்லாட்டுக்குள் இருக்கும் கம்பிக்குச் சுற்றிலும் இரும்பு துணை இருக்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காயில் தலைக்கு நாம் கட்டும் கட்டைத் தவிர வேறு துணையே கிடையாது. ஆர்மேச்சர் மாதிரி சுற்றுகிற பாகம் இல்லையே, தூக்கி எறிகிற விசைதான் இல்லையே, எதற்கு இவ்வளவு இறுக்கம் என்று கேட்பவர்களுக்கு இந்த 36 மடங்குதான் பதில்.

முதலில் ஸ்லாட் ஆப்பை (கம்பி வெளியே வராமல் ஸ்லாட் வாயை அடைக்கும் பட்டை) முடித்துவிடலாம், அதில் பெரிய விவாதம் இல்லை. மூங்கில், ஃபைபர் (கெட்டி அட்டை போன்றது), கிளாஸ் எப்பாக்சி (கண்ணாடி இழையும் எப்பாக்சியும் சேர்ந்த பட்டை) என்று மூன்று வகை பரவலாக இருக்கின்றன. மூங்கில் மலிவு, சீவிக்கொள்ளலாம், ஆனால் சூட்டில் காய்ந்து சுருங்கிவிடும். ஃபைபர் ஈரத்தை இழுத்து உப்பும், அப்புறம் காய்ந்து தளரும். 155 டிகிரி வரை சூடு தாங்கும் எஃப் கிளாஸ் (எஃப் தரம்) வைண்டிங் என்றால் யோசிக்காமல் கிளாஸ் எப்பாக்சி போடுங்கள், அதன் கூரான ஓரத்தை மட்டும் உப்புத்தாளில் தேய்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உள்ளே போகும்போதே இன்சுலேஷன் பேப்பரைக் கிழித்துவிடும். எந்த ஆப்பாக இருந்தாலும் விரலால் தள்ளினாலே ஓடுகிறது என்றால் அடியில் ஒரு பட்டை கூடுதலாக வைக்க வேண்டும். ஓங்கி அடித்தால்தான் போகிறது என்றால் ஏதோ ஒன்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. லேசாகத் தட்டத் தட்ட நகர வேண்டும், அதுதான் அளவு.

இனி தலைக்கட்டு. உண்மையான போட்டி இங்கேதான்.

நூல் கட்டுவதற்கு நேரம் பிடிக்கும், கை வலிக்கும், பழக வேண்டும். கேபிள் டை என்றால் இழுத்து வெட்டிவிட்டுப் போய்விடலாம். இந்தக் காரணத்துக்காகத்தான் டை போட்ட ஸ்டேட்டர்கள் இவ்வளவு கண்ணில் படுகின்றன. டையை நான் முழுக்க ஒதுக்கவில்லை, அதற்கு ஒரு இடம் இருக்கிறது, கீழே சொல்கிறேன். ஆனால் வைண்டிங்கின் நிரந்தரக் கட்டாக அது சரிப்படாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சாதாரண நைலான் 66 டையைத் தொடர்ந்து 85 டிகிரி வரைக்கும்தான் பயன்படுத்தலாம் என்று அதைச் செய்கிறவர்களே சொல்கிறார்கள். உருகுவது 255 டிகிரிக்கு மேல்தானே என்று வாதாடுவதில் பலனில்லை, ஏனென்றால் டை உருகிச் சாவதில்லை, உலர்ந்து சாகிறது. நைலானுக்கு வளையும் தன்மையைக் கொடுப்பதே அதற்குள் இருக்கும் கொஞ்சம் ஈரம்தான். வார்னிஷ் போட்டு ஓவனில் 140 டிகிரியில் சில மணி நேரம் வைத்து எடுத்தால் அந்த ஈரம் முழுக்கப் போய்விடுகிறது, மோட்டார் சூட்டில் ஓடிக்கொண்டிருக்கும்வரை அது எளிதில் திரும்பி வராது. பிறகு ஒருநாள் ஸ்டார்ட் ஆகும் அதிர்வில் பூட்டுத் தலை ஒடிந்து விழுகிறது. விழுந்த துண்டு ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவில் இருக்கும் அந்த அரை மில்லிமீட்டர் இடைவெளியைத் தேடிப் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இது போக அந்தப் பூட்டுத் தலை தடிமனாக இருப்பதால் எண்ட் கவரில் முட்டும். வெட்டிய முனை கத்தி போல இருக்கும். வழவழப்பான நைலான் வார்னிஷை உறிஞ்சாது, மேலே வழிந்து போய்விடும். எல்லாவற்றையும் விட முக்கியமானது, ஒவ்வொரு டையும் தனித்தனியாக ஒரு இடத்தை மட்டும் நெரிக்கிறது, இரண்டு டைகளுக்கு நடுவில் இருக்கும் கம்பிகளை யாரும் பிடிக்கவில்லை.

சூடு தாங்கும் டைகளும் உண்டு. இடிஎஃப்இ என்ற பிளாஸ்டிக்கில் செய்த டை 150 டிகிரி வரை தாங்கும், பீக் என்ற பிளாஸ்டிக்கில் செய்த டை அதற்கும் மேலே. விலை அதிகம், மற்ற குறைகள் அப்படியேதான் இருக்கின்றன.

நூல் வேலை செய்யும் விதமே வேறு. ஊசியில் கோத்து, இரண்டு ஸ்லாட்டுகளுக்கு நடுவில் இருக்கும் சந்துக்குள் விட்டு, தலையைச் சுற்றி வெளியே எடுத்து, முந்தைய வளையத்துக்குள் நுழைத்து இழுக்கிறோம். ஒவ்வொரு சுற்றும் தன்னைத்தானே பூட்டிக்கொள்கிறது, அதனால் எங்கோ ஒரு இடத்தில் அறுந்தாலும் மற்றவை அவிழாது. சுற்று முடியும்போது தலை முழுவதும் ஒரே வளையமாக இறுகி நிற்கிறது, ஒரு காயிலைத் தள்ளினால் எல்லாக் காயில்களும் சேர்ந்து எதிர்க்கின்றன. டையால் இதைக் கொண்டுவரவே முடியாது.

நூலிலும் எல்லாம் ஒன்றல்ல. பருத்தி நூல் வார்னிஷை நன்றாகக் குடிக்கும், முடிச்சு வழுக்காது, ஆனால் வார்னிஷில் ஊறிய பருத்தியின் எல்லை 105 டிகிரி. அதற்கு மேல் போனால் பழுப்பாகி, கருகி, தொட்டால் உதிரும். பழைய மோட்டாரில் அதுவே போதுமாக இருந்தது, இப்போது வருகிற எஃப் கிளாஸ் மோட்டாருக்குப் போதாது. நைலான் நூல் இழுத்தால் நீளும், அதனால் கட்டிய இறுக்கம் நிற்காது. கண்ணாடி இழை நூல் சூட்டைப் பற்றிக் கவலையே படாது, ஆனால் முடிச்சு வழுக்கும், கூர்மையாக மடித்தால் இழை முறியும், 180 டிகிரிக்கான எச் கிளாஸ் வேலை வந்தால் மட்டும் எடுக்கலாம். என் தேர்வு பாலியெஸ்டர், அதிலும் சூட்டில் சுருங்கும் வகை, தட்டையாக நெய்தது. தட்டை என்பதால் கம்பியில் அழுந்திப் பதியாது. ஓவனுக்குள் போனதும் சுருங்கி, கையால் இழுத்ததைக் காட்டிலும் ஒரு பிடி கூடுதலாக இறுக்கும். மற்ற கட்டுகள் சூட்டில் தளர, இது மட்டும் சூட்டில் இறுகுகிறது. இந்த ஒரு குணத்துக்காகவே இதற்கு முதலிடம் கொடுப்பேன்.

கட்டும்போது சில விஷயங்கள். தலையைக் கட்டிவிட்டு வடிவம் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள், முதலில் ஃபைபர் சுத்தியால் தட்டி, உள்ளே ரோட்டருக்கும் வெளியே பாடிக்கும் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஃபேஸ் பேப்பர் (ஒரு ஃபேஸின் காயிலை அடுத்த ஃபேஸின் காயிலிலிருந்து பிரிக்கும் பேப்பர்) நழுவாமல் இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டு, அப்புறம்தான் நூல். இந்தக் கட்டத்தில்தான் கேபிள் டைக்கு வேலை: நான்கைந்து இடத்தில் தற்காலிகமாகப் போட்டு வடிவத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், நூல் அந்த இடத்துக்கு வரவர வெட்டி எடுத்துவிடுங்கள். லீட் ஒயர்களும் ஸ்லீவ் போட்ட ஜாயிண்ட்டுகளும் கட்டுக்குள் அடங்க வேண்டும். தொங்கவிட்ட லீட்தான் முதலில் ஒடியும். முடிச்சு எப்போதும் வெளிப்பக்கம் விழட்டும், ரோட்டர் பக்கம் கூடாது.

டேப் சுற்றுவது பற்றியும் கேட்கிறார்கள். பெரிய மோட்டாரில் முன்கூட்டியே அச்சில் வடிவம் கொடுத்துச் செய்த காயில்களுக்கு அது வேண்டும். சின்ன மோட்டாரின் தலை முழுவதும் டேப்பைச் சுற்றினால் வார்னிஷ் உள்ளே போகாது, சூடு வெளியே வராது. வேண்டாம்.

சரி, வார்னிஷ்தான் எப்படியும் ஒட்டிவிடுகிறதே, அப்புறம் நூல் எதற்கு? இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. வார்னிஷ் பசைதான், ஆனால் இருக்கிற நிலையில்தான் ஒட்டும். தளர்ந்த கம்பிகளுக்கு நடுவில் பெரிய சந்து இருந்தால் அதில் வார்னிஷ் நிற்காது, வடிந்துவிடும். நூல் கம்பிகளை நெருக்கிக் கொடுத்தால்தான் அந்த மெல்லிய இடுக்குகளில் வார்னிஷ் ஏறி நிற்கும். ஆக நூல் நன்றாக இருந்து வார்னிஷ் சுமாராக இருந்தால் அந்த மோட்டார் ஓரளவுக்கு ஓடும், வார்னிஷ் பிரமாதமாக இருந்து நூல் தளர்ந்திருந்தால் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் தலை மொத்தமாக ஆடி, ஸ்லாட் வாயில் அந்த வார்னிஷே விரிசல் விடும்.

பிரஷ்ஷில் தடவி, தானே காய விடும் வார்னிஷ் மேல்தோலுக்கு மட்டும்தான். பார்க்கப் பளபளப்பாக இருக்கும், உள்ளே கம்பிகள் ஈரமே படாமல் கிடக்கும். ஈரம், தூசி தடுக்க உதவும், பிடித்து நிறுத்த உதவாது.

முக்கிச் சுடும் முறைதான் சாதாரணப் பட்டறைக்குச் சரியான வழி, செய்முறையைக் குறுக்காமல் செய்தால். முதலில் ஸ்டேட்டரை 110 முதல் 120 டிகிரி வரை சூடாக்கி ஈரத்தை ஓட்ட வேண்டும். கையோடு கொதிக்கக் கொதிக்க வார்னிஷில் இறக்கக் கூடாது, 60 டிகிரி வாக்கில் ஆறட்டும். முக்கியதும் குமிழி வரும், ஸ்லாட்டுக்குள் இருந்த காற்று வெளியேறுவதுதான் அது. கடைசிக் குமிழி நின்ற பிறகும் கொஞ்ச நேரம் விட்டுத்தான் தூக்க வேண்டும், கடிகாரத்தைப் பார்த்துத் தூக்குவதில் அர்த்தமில்லை. பிறகு வடிய விட்டு, உள் விட்டத்தைத் துணியால் துடைத்து (காய்ந்த பிறகு சுரண்டுவது பெரிய வேதனை), ஓவனில் வைக்க வேண்டும்.

ஆனால் இதில் ஒரு குறை. தின்னர் கலந்த வார்னிஷில் பாதிக்கு மேல் தின்னராகவே இருக்கலாம். அது ஆவியாகிப் போன இடமெல்லாம் வெற்றிடம். அதனால்தான் ஒரு தடவை முக்கினால் போதாது, நேரமிருந்தால் இரண்டாவது தடவை முக்கி, இந்தத் தடவை ஸ்டேட்டரைத் தலைகீழாகத் திருப்பி வடிய விடுங்கள். தின்னர் இல்லாத ரெசின் ஊற்றும் முறையில் கிட்டத்தட்ட ஊற்றியது முழுவதும் உள்ளேயே கெட்டியாகிறது. ஸ்டேட்டரை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே, சூடாக இருக்கும் காயில் தலையில் மெல்லிய தாரையாக விடுவார்கள், ரெசின் கம்பி வழியாக ஸ்லாட்டுக்குள் தானாக ஏறும். அதற்கு மேலே வாக்குவம் பிரஷர் முறை: தொட்டியில் காற்றை உறிஞ்சிவிட்டு ரெசினை விட்டு, பிறகு அழுத்தம் கொடுத்து உள்ளே தள்ளுவது. பெரிய மோட்டாருக்கும் இன்வெர்ட்டரில் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ்) ஓடும் மோட்டாருக்கும் இந்தச் செலவு நியாயம், காரணம் இன்வெர்ட்டரின் கூரான வோல்டேஜ் துடிப்பு சின்னச் சின்னக் காற்றுப் பைகளில்தான் பொறி கிளப்பி எனாமலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். இன்னொரு ஆதாயமும் இருக்கிறது. ரெசின் காற்றை விட ஏறத்தாழ ஏழெட்டு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும், ஆகவே நன்றாக நிரம்பிய ஸ்லாட் அதே லோடில் குறைந்த சூட்டில் ஓடும்.

அப்படியானால் மொத்தமாக எப்பாக்சியை ஊற்றி மூடிவிட்டால் என்ன? தண்ணீர், அதிர்வு எதுவும் உள்ளே போகாது, உண்மை. ஆனால் செம்பை விடச் சுத்த எப்பாக்சி சூட்டில் மூன்று மடங்கு விரியும், தூள் கலந்த நல்ல கலவை இல்லாவிட்டால் சூடாகி ஆறிச் சூடாகி ஆறி விரிசல் விட்டு, விரிசலோடு கம்பியையும் இழுக்கும். அதோடு அந்த ஸ்டேட்டரை இனி யாரும் ரீவைண்டிங் செய்ய முடியாது. எரித்து எடுக்கலாம் என்று அளவு மீறிச் சூடாக்கினால் ஸ்டேட்டரின் இரும்புத் தகடுகளுக்கு நடுவில் இருக்கும் பூச்சு கருகி, அந்தத் தகடுகளால் ஆன கோர் அடுத்த வைண்டிங்கில் சும்மா ஓடும்போதே சூடாகும். பழுதானால் தூக்கிப் போடப் போகிற சின்ன மோட்டாருக்கு மட்டும் இது சரி.

ஃபெவிக்விக் வகைப் பசை, ஹாட் குளூ, சிலிக்கான் மூன்றையும் ஒரே வரியில் சொல்லிவிடலாம். முதலாவது சூட்டில் பிடி விடும், இரண்டாவது இளகிவிடும், மூன்றாவது வினிகர் வாடை அடிக்கும் வகையாக இருந்தால் செம்பை அரிக்கும்.

வார்னிஷே போடாத இடங்களும் உண்டு. தண்ணீர் நிரப்பிய சப்மெர்சிபிள் மோட்டாரில் கம்பி பிளாஸ்டிக் உறை போட்டது, தண்ணீரிலேயே ஊறிக்கிடக்கிறது, அங்கே ஆப்பும் நூலும்தான் எல்லாம், நூல் தளர்ந்தால் காப்பாற்ற வேறு எதுவும் இல்லை. ஃபிரிட்ஜில் இருப்பது போன்ற மூடிய கம்ப்ரசருக்குள் இருக்கும் மோட்டாரும் கிட்டத்தட்ட அதே கதை, குளிரூட்டும் வாயுவும் ஆயிலும் தப்பான வார்னிஷைக் கரைத்துக் குழாய்க்குள் கொண்டுபோய் அடைக்கும், அதனால் பாலியெஸ்டர் நூல் கட்டை நம்பித்தான் பல மோட்டார்கள் ஓடுகின்றன. இதற்கு நேரெதிர் டிரோன் மோட்டார்: பல்லைச் சுற்றி நேராக இறுக்கிச் சுற்றிய காயில், வெளியே நீட்டும் தலை மிகக் குறைவு, அங்கே நூலுக்கு இடமில்லை, சூடு தாங்கும் தண்ணீர் போன்ற எப்பாக்சி இரண்டு சொட்டு போதும்.

வழக்கமான மோட்டாருக்கு என் வரிசை இதுதான்: கிளாஸ் எப்பாக்சி ஆப்பு, சுருங்கும் பாலியெஸ்டர் நூல் ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் ஒரு பூட்டாக, இரண்டு தடவை முக்கிச் சுட்ட எஃப் கிளாஸ் வார்னிஷ். முடிந்ததும் தலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், கொஞ்சம் கூட அமுங்கக் கூடாது. மரக்கட்டையால் தட்டினால் கெட்டியான சத்தம் வர வேண்டும், கலகலவென்றால் உள்ளே வார்னிஷ் போகவில்லை. மெக்கரில் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) 500 வோல்ட் வைத்துப் பார்க்கும்போது ஓவனிலிருந்து எடுத்த சூட்டில் வரும் அளவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் இன்சுலேஷன் அளவு பாதியாகக் குறையும். ஆறிய பிறகு, 40 டிகிரிக்கு மாற்றிக் கணக்கிட்டதில், 5 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் ரோட்டரை உள்ளே விடாமல் மறுபடி ஓவனில் வையுங்கள்.